எழுதுதலும் இயற்றலும்: தொடக்கப் பள்ளி எழுத்துப் பயிற்சி பற்றிய ஓர் ஆய்வு

தொடக்கப் பள்ளிக் குழந்தைகட்கு எழுதக் கற்பித்தல் தமிழாய்வாளர் கருதுதற்குரிய பொருளன்று என எண்ணுவார் உளர். அஃது ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களின் பணி என்பது அவர்தம் கொள்கை. ஆயின், முதுகலை வகுப்பிற் பயிலும் மாணவர் பலர் உரைநூல்களில் உள்ள தொடர்களை வழுவின்றி எடுத்தெழுத வல்லராயிருந்தும், தாம் கற்ற ஒரு பாட்டைப் பற்றித் தம் சொற்களால் நான்கு தொடர் எழுதப் புகுங்கால் இடர்ப்படுகின்றனர். இவ்விடர்ப்பாடு முதுகலை வகுப்பில் தோன்றியதன்று. முதல் வகுப்பில் வேர்கொண்டது என்பது எம் துணிபு. ஆகலின், அவ்வேர் யாது என்பதையும், அதனைக் களைதற்கு இலக்கணமும் மொழி வரலாறும் எவ்வாறு துணை செய்யும் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

1. ஒரு சொல், இரு தொழில்

‘எழுதுதல்’ என்னும் சொல் பழந்தமிழில் ஓவியம் தீட்டுதலையும் குறித்தது. கண்ணுக்கு மை எழுதுதல் என்னும் வழக்கு இன்றும் உண்டு. எனவே, வடிவத்தை வரைதலே இச்சொல்லின் முதற்பொருளாகக் கொள்ளத்தக்கது. கருத்தைச் சொல்லாற் கோத்து நூலாக்கும் தொழிலுக்கோ ‘யாத்தல்’, ‘இயற்றல்’, ‘புனைதல்’ என வேறு சொற்கள் வழங்கின. இற்றை வழக்கில் இவ்விரு தொழில்களையும் ‘எழுதுதல்’ என்னும் ஒரு சொல்லே சுட்டுகின்றது. ‘குழந்தை அகரம் எழுதுகிறது’ என்கிறோம். ‘அவர் கதை எழுதுகிறார்’ என்றும் கூறுகிறோம்.

இரு தொழில்களும் ஒருவரிடமே அமைதல் வேண்டும் என்னும் கட்டாயம் முன்னாளில் இருந்ததில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள் சொல்லிக்கொண்டே செல்ல, மாணவர் ஏட்டில் எழுதிய வரலாற்றை, 1871இல் அவரிடம் பாடங்கேட்கச் சென்ற உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை வரலாற்று நூலால் அறிகின்றோம். இயற்றியவர் புலவர், எழுதியவர் மாணவர். நன்னூற் பாயிரம் மாணவன் நூல் பயிலும் இயல்பைக் கூறுமிடத்தும் இதனைக் காணலாம். கேட்டல், கேட்டவற்றை நினைத்தல், ஒத்தாரோடு பயிலல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடை கூறல் என்பனவே ஆங்குப் பேசப்படுகின்றன; எழுதுதல் பேசப்படவில்லை. கல்வி செவிவழியும் நாவழியும் நிகழ்ந்த காலத்தில் எழுத்து அதற்கு ஒரு துணைக்கருவியாகவே நின்றது.

நிலை இன்று மாறிவிட்டது. ஒரு மாணவனின் அறிவு அவன் எழுதும் விடைத்தாளால் அளக்கப்படுகின்றது. ஆயினும், பள்ளியில் நாம் முறையாகக் கற்பிப்பது வரைதல் தொழிலை மட்டுமே. இயற்றல் தொழில் பின்னர்த் தானே வந்தெய்தும் என விட்டுவிடுகிறோம். இப்பிரிவே நாம் தேடும் வேர்.

2. மணலும் ஏடும்

திண்ணைப் பள்ளியில் எழுத்துப் பயிற்சி மணலிற் தொடங்கிற்று. பரப்பிய மணலில் குழந்தை விரலால் எழுத்தை வரையும். வரையும்போதே அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்லும். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் தரப்பட்டன. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரைப் பயிற்றுவான்.

இம்முறையின் சிறப்பைப் பிற நாட்டாரும் கண்டனர். 1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்பார், எழும்பூரில் இருந்த படைவீரர் மக்களுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றில் சிறுவர் தரையில் அமர்ந்து மணலில் எழுதுதலைக் கண்டு, அவர் அம்முறையைத் தம் இல்லத்திற் புகுத்தினார். அக்கால ஐரோப்பியர் தமிழையும் ‘மலபார்’ என்றே வழங்கினர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தம் பட்டறிவை அவர் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். மாணவரைக் கொண்டே மாணவரைப் பயிற்றும் ‘சென்னை முறை’ இங்கிலாந்திற் பரவியது இதன்பின்னரே.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ நாட்டுக் கல்வி பற்றிய கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமை அதனால் தெரியவந்தது. பல்லாரி மாவட்ட ஆட்சியர் காம்பெல் 1823இல் விடுத்த அறிக்கை ஈண்டு இன்றியமையாதது. அவர் ஆராய்ந்தவற்றுள் பெரும்பாலன தெலுங்கு, கன்னடப் பள்ளிகளே. எனினும் முறை ஒத்ததே. செலவின்றி எழுதக் கற்பிக்கும் வகையினையும், மூத்தோர் இளையோரைப் பயிற்றும் ஒழுங்கினையும் அவர் பாராட்டினார். மாணவர் பொருளறியாச் செய்யுள்களை நெட்டுருச் செய்தலைக் குறையாகக் கூறினார். கை நன்கு பயின்றது. கருத்துப் பயிலவில்லை என்பது அவர் கண்டதன் சாரம்.

இவ்விரண்டு மதிப்பீடுகளும் இன்றைய பள்ளிக்கும் பெரிதும் பொருந்துவன. மணல் போய்ப் பலகை வந்தது; பலகை போய்க் குறிப்பேடு வந்தது. ‘பார்த்தெழுதல்’, ‘சொல்வதெழுதல்’ என்னும் இரண்டுமே எழுத்துப் பயிற்சியின் பெரும்பகுதியாக நிலைத்தன. முன்னதில் சொல் பிறர் கையிலிருந்து வருகின்றது. பின்னதில் பிறர் வாயிலிருந்து வருகின்றது. குழந்தையின் சொல் இரண்டனுள் எதனிலும் இல்லை.

3. வடிவும் வரிசையும்

வரைதற் பயிற்சி வேண்டாவென்று யாம் கூறவில்லை. அது செம்மையாக நிகழ்தல் வேண்டும். குழந்தையின் முழுக் காலத்தையும் அது விழுங்குதல் கூடாது. இதற்குத் தமிழ் எழுத்தின் இயல்பை ஆசிரியர் அறிதல் வேண்டும்.

எழுத்துகள் 247 என எண்ணி, அவை அனைத்தையும் நெடுங்கணக்கு வரிசையில் எழுதுவித்தல் பழைய முறை. நெடுங்கணக்கு ஒலிப்பிறப்பு ஒழுங்கில் அமைந்த அரிய அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயின், ஒலி ஒழுங்கு வேறு. கையின் எளிமை வேறு. அகரம் நெடுங்கணக்கில் முதலெழுத்து. வடிவிலோ வளைவும் சுழியும் கோடும் ஒருங்கே உடையது. டகரமும் பகரமும் நேர்கோடுகளால் அமைந்தவை. ‘ட, ப, ம’ என்னும் மூன்றையே அறிந்த குழந்தை, மெய்ப்புள்ளியும் கற்றவுடன் ‘படம்’, ‘மடம்’, ‘பட்டம்’, ‘மட்டம்’ எனப் பொருளுடைய சொற்களை எழுதவல்லதாகின்றது. முதல் வாரங்களிலேயே எழுத்து பொருளோடு சேர்கின்றது என்பதே இவ்வரிசையின் பெரும்பயன்.

247 எழுத்துகளும் ஒரே அளவில் வழங்குவனவும் அல்ல. ஙகர வரிசையில் மெய்யெழுத்தாகிய ‘ங்’ மிகுதியும் வழங்கும்; உயிர்மெய்களுள் ‘ங’ ஒன்றே ‘அங்ஙனம்’ முதலிய சில சொற்களில் வரும். ஏனைய பதினோர் எழுத்துகளால் குழந்தை எழுதக்கூடிய சொல் ஒன்றுமில்லை. ஔகார உயிர்மெய்களும் ‘வௌவால்’ போன்ற சிலவற்றிலன்றி வாரா. சொல்லில் வாராத எழுத்தைப் பத்து முறை எழுதுவிப்பதால் எழுத்தென்பது பொருளற்ற கோடு என்னும் எண்ணமே குழந்தை மனத்தில் விதைக்கப்படுகின்றது.

உயிர்மெய்க் குறியீடுகளிலும் எளிமை, அருமை என்னும் வேறுபாடு உண்டு. ஆகாரக்கால் எழுத்தின் வலப்புறம் நிற்கும். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் இடப்புறம் நிற்கும். ஒகர ஓகாரங்கள் இருபுறமும் கொள்ளும். ‘கெ’ என்பதில் ககர ஒலி முன்னும் எகர ஒலி பின்னும் கேட்கக் குறியோ முன்னதாக எழுதப்படுகின்றது. உகரம் ஏறிய எழுத்துகளோ ஒருதன்மைய அல்ல. ங, ச, ப, ய, வ என்னும் ஐந்தும் கீழ்நோக்கிய கோடு பெறும். ஞ, ண, த, ந, ல, ற, ன என்னும் ஏழும் அடியில் வளைந்து மேலெழும் கோடு பெறும். க, ட, ம, ர, ழ, ள என்னும் ஆறும் எழுத்தோடு இணைந்த சுழி கொள்ளும். இம்மூன்று குழுவாகப் பகுத்துக் கற்பித்தால் பதினெட்டுத் தனி வடிவங்கள் மூன்று வகைக்குள் அடங்கும்.

எழுத்துச் சீர்திருத்தமும் குழந்தையின் சுமையைக் குறைத்தது. பெரியார் 1935இல் ‘குடியரசு’ இதழில் கையாண்ட வடிவங்களுள், ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசைகள், ணை, லை, ளை, னை எனப் பதின்மூன்று எழுத்துகளின் புதிய வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்று ஆணை பிறப்பித்தது. தனித்தனியே நினைவிற் கொள்ளவேண்டியிருந்தவை இதனால் பொது விதிக்குள் வந்தன.

4. பிழையின் வகை

குழந்தை எழுதும் பிழைகளை எல்லாம் ஒரே சிவப்பு மையால் அடித்தல் இயல்பாகிவிட்டது. பிழைகள் ஒரு தன்மையன அல்ல. எனவே மருந்தும் ஒன்றாதல் இயலாது.

முதல் வகை, இலக்கணம் இடவரையறை கூறும் எழுத்துகளில் நேர்வது. நகரமும் னகரமும் இன்று பெரும்பாலோர் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆயின் எழுத்தில் அவற்றின் இடம் பெரிதும் வரையறுக்கப்பட்டது. சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் நகரம் வரும். பிற இடங்களில் னகரம் வரும். ‘நான்’, ‘பந்து’, ‘மீன்’ என்பன காண்க. ‘செந்நெல்’, ‘முந்நூறு’, ‘அநீதி’ போன்ற விலக்குகள் சிலவே. அவற்றைப் பின்னர்க் கற்பிக்கலாம். இவ்வாறே றகரம் சொல்லுக்கு முதலாகாது, னகர மெய்யை அடுத்து வல்லினமாகிய றகரமே வரும், ரகரம் இரட்டிக்காது. ‘முயற்ச்சி’ என எழுதும் வழக்கம் கல்லூரி வரை தொடர்கின்றது. றகர மெய்யின் பின் வேறொரு வல்லெழுத்து இரட்டித்து வாராது. ‘வளர்ச்சி’ என்பதிற்போல ரகர மெய்யின் பின் வரும் என்னும் ஒரு விதி தெரிந்தால் அப்பிழை எழ இடமில்லை.

இரண்டாம் வகை, விதியாலும் செவியாலும் துணிய இயலாதது. ‘மரம் – மறம்’, ‘அரம் – அறம்’, ‘இரை – இறை’ என்பவற்றில் உயிர்களின் இடையே நிற்கும் ரகர றகரங்களைப் பொருளோடு சேர்த்துக் கண்ணாற் கண்டு பழகுதலே வழி. மூன்றாம் வகை, வட்டார வழக்கால் நேர்வது. தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாதல் உண்டு. சென்னைப் பேச்சில் யகரமாதலும் உண்டு. எனவே ஓரூர்க் குழந்தையின் பிழை மற்றோர் ஊர்க் குழந்தையின் பிழையாகாது. பாடநூல் ஒன்றாயினும் பயிற்சி ஊருக்கேற்ப வேறுபடுதல் வேண்டும்.

5. பேச்சும் எழுத்தும்

மேற்கூறியவற்றினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. பேச்சுக்கு ஒரு வழக்கும் எழுத்துக்கு ஒரு வழக்கும் ஒரு மொழியில் நிலவுதலை ‘இரட்டை வழக்கு’ என்பர். ஃபெர்குசன் என்னும் அறிஞர் இதனை 1959இல் விரிவாக ஆராய்ந்த பின்னர், தமிழையும் இவ்வகையிலேயே மொழியியலார் அடக்கினர். பள்ளிக்கு வரும் குழந்தை பேச்சு வழக்கில் தேர்ந்தே வருகின்றது. தன் வீட்டையும் தெருவையும் பற்றி அது தங்குதடையின்றிப் பேசும். ‘எங்க ஆட்டுக்குட்டி நேத்து காணாமப் போச்சு. எங்கம்மா அழுதுச்சு’ என ஒரு குழந்தை கூறுவதாகக் கொள்வோம். காலமும் செயலும் அதன் விளைவும் முறைப்பட அமைந்த கூற்று இது. இதனையே குறிப்பேட்டில் எழுதினால் பெரும்பாலான சொற்களுக்குக் கீழ்க் கோடு விழும். தான் பேசுவது முழுவதும் பிழை என்னும் முடிவுக்கு அக்குழந்தை வருகின்றது. அடுத்த முறை அது தன் ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதாது. ‘பசு பால் தரும்’ என்றே எழுதும். அதில் கோடு விழாது. அச்சம் தொடங்கும் இடமும், பிறர் தொடரைக் கடன் பெறும் பழக்கம் தொடங்கும் இடமும் இதுவே.

‘அம்மா அழுதுச்சு’ என்பதைத் திணை வழு என்று தள்ளுதற்கு முன் நன்னூலாரை நினைத்தல் தகும். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவை காரணமாகத் திணையும் பாலும் மயங்கி வருதலை அவர் அமைதியாகக் கொண்டார். தாயை அஃறிணை முடிபாற் கூறும் குழந்தையின் கூற்றில் இருப்பது அறியாமையன்று, அன்பின் நெருக்கம். எழுத்து வழக்கில் ‘அழுதார்’ என்று எழுதக் கற்பித்தல் நம் கடன். ஆயின் முன்னையது ‘தவறு’ என்று கூறுதலும், ‘வீட்டில் அப்படிச் சொல்வோம், ஏட்டில் இப்படி எழுதுவோம்’ என்று கூறுதலும் ஒன்றல்ல.

பேச்சிலிருந்து எழுத்துக்குச் செல்லும் வழியும் ஒழுங்கற்றதன்று. ‘நேத்து – நேற்று’, ‘காத்து – காற்று’, ‘ஆத்துல – ஆற்றில்’ என்பவற்றில் ஒரே மாற்றம் நிகழ்கின்றது. ‘எல – இலை’, ‘எடம் – இடம்’, ‘ஒடம்பு – உடம்பு’, ‘கொட – குடை’ என்பவற்றில், அடுத்த அசையில் வரும் அகர ஐகாரங்களுக்கு முன் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் திரிந்துள்ளன. ‘தல – தலை’, ‘மல – மலை’ என்பவற்றில் ஈற்று ஐகாரம் குறுகியது. ‘போச்சு – போயிற்று’, ‘ஆச்சு – ஆயிற்று’ என்பனவும் ஓர் இணை. முதுகலை வகுப்பில் வரலாற்றிலக்கணமாக நாம் கற்பிக்கும் திரிபுகளே இவை. இவற்றைப் பெயரிட்டுக் கூறாமல் இணை இணையாகக் காட்டினால் எட்டு வயதுக் குழந்தையும் விதியைத் தானே உய்த்துணரும். ‘பத்து’, ‘முத்து’ என்பன எழுத்திலும் மாறா என்பதைக் கண்டு, விதியின் எல்லையையும் அது அறிந்துகொள்ளும்.

6. ஆசிரியர் ஏடெழுதுவோராதல்

இனிச் செய்யத்தக்கது யாது? வரைதலும் இயற்றலும் இரு தொழில்கள் என மேலே கண்டோம். முதல் நாள் தொட்டே இரண்டையும் தனித்தனியே பயிற்றி, குழந்தையின் கை வலுவுற்ற பின் இணைத்தலே தக்கது. ஐந்து வயதுக் குழந்தையின் கை ‘படம்’ என்னும் அளவில் நிற்கும்போது, அதன் நா நீண்ட கதையே சொல்லும். அந்நா, கை வளரும்வரை காத்திருத்தல் வேண்டியதில்லை.

முதல் நிலையில் குழந்தை சொல்லும், ஆசிரியர் எழுதுவார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் செய்த பணியை ஈண்டு ஆசிரியர் மேற்கொள்கின்றார். குழந்தை நூலாசிரியன் ஆகின்றது. சொன்னதைச் சொன்னவாறே கரும்பலகையில் எழுதிப் படித்துக் காட்டுதல் வேண்டும். தன் வாய்ச்சொல் எழுத்தாகி நிற்றலைக் கண்ட குழந்தைக்கு எழுத்தின் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரண்டாம் நிலையில், அத்தொடரின் அருகே எழுத்து வழக்குத் தொடரை வகுப்பார் அனைவரும் சேர்ந்து ஆக்குவர். மூன்றாம் நிலையில் குழந்தை தானே எழுதும். முதலில் பொருள் நிரம்ப எழுதுக எனவும், பின்னர் வடிவம் திருத்துக எனவும் இரு வேளையாகப் பகுத்தல் வேண்டும். திருத்தும்போதும் ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழையையே எடுத்துக்கொள்ளுதல் நன்று.

உருசிய எழுத்தாளர் டால்ஸ்டாய் யாஸ்னயா பல்யானாவில் உழவர் சிறுவர்க்கு நடத்திய பள்ளியிலும் இதனையொத்த செயல் நிகழ்ந்தது. பழமொழி ஒன்றைப் பொருளாகக் கொண்டு சிறுவர் கதை சொல்ல, அவரே எழுதினார். எழுதக் கற்க வேண்டியவர் சிறுவரா, தாமா என்னும் வினாவை எழுப்பி 1862இல் கட்டுரையும் வரைந்தார்.

பேச்சு வடிவத்தை ஏட்டில் ஏற்றினால் பிழை நிலைத்துவிடும் என்பார் உளர். அவ்வச்சம் மதிக்கத்தக்கதே. ஆயின் இங்குப் பேச்சு வடிவம் முடிவிடமன்று, புறப்படும் இடம். மேலும், குழந்தை கதை கேட்டும் பாட்டுக் கேட்டும் எழுத்து வழக்கின் ஓசையை முன்னரே அறிந்திருக்கின்றது. அருகருகே வைத்துக் காட்டினால் இரண்டையும் மயங்காது பிரித்துணரும். மறைத்து வைத்த பேச்சு வடிவமே பின்னர் எழுத்திற் புகுந்து குழப்புகின்றது.

தமிழ்நாட்டில் 2007 முதல் மாநில அளவிற் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, வகுப்பறைச் சுவரின் தாழ்ந்த பகுதியைக் குழந்தைகள் எழுதும் பலகையாக்கியது. 2022இல் தொடங்கப்பெற்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அடிப்படை எழுத்தறிவை அனைவர்க்கும் உறுதி செய்ய முற்பட்டது. இத்தகைய முயற்சிகளின் வெற்றியை, குழந்தை எத்தனை எழுத்து அறிந்தது என்பதோடு, தன் தொடர் எத்தனை எழுதிற்று என்பதாலும் அளத்தல் வேண்டும். பெற்றோர் எழுத்தறியாத வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு இது பெரிதும் வேண்டப்படுவது. அக்குழந்தைக்கு இயற்றக் கற்பிக்கும் இடம் பள்ளியன்றி வேறில்லை.

7. தமிழ்த் துறைகளின் கடன்

இப்பணியில் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகட்கு மூன்று கடமைகள் உள. முதலாவது, ஐந்து முதல் பத்து வயதுவரையுள்ள குழந்தைகளின் பேச்சை மாவட்டந்தோறும் பதிவு செய்து, பேச்சு வடிவத்துக்கும் எழுத்து வடிவத்துக்கும் உள்ள இணைகளை வட்டாரவாரியாக வகுத்தல். இரண்டாவது, குழந்தைகள் எழுதியவற்றைத் தொகுத்து, பிழைகளை மேற்கூறிய வகைகளாகப் பகுத்து, விதியால் தீர்வன இவை, பழக்கத்தால் தீர்வன இவை எனத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு எளிய கையேடு ஆக்கித் தருதல். மூன்றாவது, சொல்லில் வழங்கும் அளவை நோக்கி எழுத்துகளைக் கற்பிக்கும் வரிசையை ஆராய்தல். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு உரிய விரிவுடையது.

எழுத்திலக்கணத்தை நாம் நெடுங்காலமாகப் புலவர்க்கே உரியதெனக் கருதி வந்தோம். மொழிமுதல் எழுத்தும் இனவெழுத்தும் வழுவமைதியும் ஒரு குழந்தையின் குறிப்பேட்டில் நாள்தோறும் ஆராயப்பட வேண்டிய பொருள்களாக உள்ளன என்பதை இவ்வாய்வு காட்டுகின்றது. அக்குறிப்பேட்டை ஆய்வு மூலமாகக் கொள்ளும் இளம் ஆய்வாளர் சிலர் முன்வருவாராயின், அடுத்த தலைமுறையின் முதுகலை மாணவர் தம் சொற்களால் எழுதுவர்.